அறுபது புள்ளி முகம்

முத்துக்குமாரு இறந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. படிவம் வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் சண்முகரத்தினம். வயது எழுபத்து மூன்று. கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது ‘கிள்ளான் பள்ளத்தாக்கு யாழ்ப்பாண ஓய்வூதியர் அந்திமச் சேவைச் சங்க’த்தின் கௌரவச் செயலாளராக இருப்பவர். பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் கூடத்தில், பெட்டிக்கு முன்னால் நின்று கை கூப்பினார். கண்ணை மூடினார். மனதுக்குள் பத்து வரை எண்ணியிருப்பார். கண்ணைத் திறந்ததும் தோல்பையைத் திறந்தார்.

“மிஸஸ் முத்துக்குமாரு, ஆழ்ந்த அனுதாபம். ஃபாரம் டி-நாலு, மூணு காப்பி. போட்டோ ஒரிஜினல்தான் வேணும். நகல் எடுத்துக்க மாட்டோம்.”

வீட்டில் முத்துக்குமாருவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணப் படங்களை எழுபத்தொன்றாம் வருட வெள்ளம் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அவர் கேமராவைக் கண்டால் குளியலறைக்குள் புகுந்துகொள்ளும் ரகம். அடையாள அட்டையை மறுநாள் பதிவு அலுவலகம் வாங்கிக்கொள்ளும். மிச்சம், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்த அஞ்சலட்டை அளவுப் படம். மனைவி பூரணம் அழுதுகொண்டே அதைச் சட்டத்திலிருந்து உருவிக் கொடுத்துவிட்டாள்.

மகள் சிவமலர் கீழே போய்ப் பிரேத வண்டிக்காரரிடம் பேசிவிட்டுத் திரும்பியபோது அம்மாவின் கையில் வெறும் சட்டமும் ஒரு ரசீதும் இருந்தன.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் கல்வெட்டு கொடுக்க வேண்டும். கல்வெட்டு என்றால் கல் அல்ல, புத்தகம். செத்தவரின் வரலாறு, நாலு தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், அட்டையில் முகம். அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றுவார்கள். பழைய நாளில் அவரவர் அச்சகத்தில் கொடுத்து அடித்துக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்றில் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியது. கல்வெட்டுப் பொறுப்பையும் வாங்கிக்கொண்டது. உறுப்பினர்களுக்கு இலவசம். அதுதான் ஆபத்து.

சிவமலருக்கு இதே தொழில். பங்சாரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் காலையிலிருந்து மாலைவரை வரைகலை மென்பொருளில் சோப்பு உறையும் பிஸ்கட் டின்னும் வரைந்துகொண்டிருந்தாள்.

“நானே செஞ்சிடறேன்மா. சங்கம் வேணாம்.”

“இருபது வருஷம் ஒரு மீட்டிங் விடாம போனவர், மலர். சங்கத்துக் கல்வெட்டு இல்லாட்டி நாலு பேர் என்ன நினைப்பாங்க? மெம்பர்ஷிப்பக் கட் பண்ணிட்டாங்கன்னு நினைக்க மாட்டாங்களா? அவர் முகம் அந்த அட்டையில வரணும். எனக்கு அது போதும்.”

அவர் முகம் வரணும். ஒரு விதவை கேட்டது அவ்வளவுதான்.

ஆறாம் நாள் சிவமலர் சங்கத்துக்குப் போனாள். தையல் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. செருப்பை வெளியே விடச் சொன்னது ஓர் அட்டை. உள்ளே ஏர்கண்டிஷனர் போட்ட அறையில், வெள்ளைத் துணியும் சந்தனப் பொட்டுமாகக் கம்ப்யூட்டர். வைரஸ் நுழையாமலிருக்க, ஃப்ளாப்பி போடும் வாயில் அரக்கு ஊற்றி முத்திரை குத்தியிருந்தார்கள். பிரிண்டர் வேறு அறையில், வேறு பூட்டில்.

கம்ப்யூட்டரை இயக்குபவர் (தற்காலிகம்) மார்க்கிரட். ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட். சுடுகிற தம்ளரைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் மவுஸைப் பிடித்திருந்தாள்.

“வா பிள்ளை, உக்காரு. உங்கப்பா இன்னிக்குத்தான் ரெடியானார்.”

துணியை விலக்கினாள். திரையில் ஒரு முகம். மூக்குக் கண்ணாடி மட்டும் அப்பாவுடையது. மூக்கு, வாய், தாடை, காது எல்லாம் யாரோ.

“ஆன்டி, இது யாரு?”

“உங்கப்பா லா.”

“இல்லையே.”

மார்க்கிரட் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “கண்ணாடி உங்கப்பா. மத்ததெல்லாம் நாகையா.”

“எந்த நாகையா?”

பதிலுக்கு அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பத்து வரிகள். கம்ப்யூட்டர் வந்த வருடம் செயற்குழுவில் மூன்று பேர் ஷா ஆலத்தில் அரை நாள் வகுப்புக்குப் போனார்கள். வரைகலை மென்பொருளுக்குப் புதியவர்களுக்கான குறிப்புகள் என்று அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். அரசாங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர்கள் கையில் ஒரு தாள் கிடைத்தால் சும்மா விடுவார்களா? பொதுக்கூட்டத்தில் வைத்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, துணைவிதி பதினான்கு ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாவது குறிப்பு: ‘எதையும் புதிதாக வரையாதே. இருப்பதை நகலெடுத்துத் திருத்து.’

கம்ப்யூட்டர் வந்த பிறகு முதலில் இறந்தவர் பொருளாளர் நாகையா. அவர் முகத்தைச் செயற்குழு முழுவதும் கூடி நான்கு மாதம் வரைந்தது. அதற்குப் பிறகு யாரும் புதிதாக வரையவில்லை. விதி அப்படி.

சிவமலர் அலமாரியைத் திறந்தாள். நாற்பத்து மூன்று கல்வெட்டுகள். நாற்பத்து மூன்று நாகையா. மீசை வைத்த நாகையா, வழுக்கை நாகையா, திருநீற்று நாகையா. பெண் உறுப்பினர்களுக்கு நாகையாவுக்கே கொண்டையும் பொட்டும் வைத்திருந்தார்கள்.

“யாருமே கேக்கலையா ஆன்டி?”

“கேட்டாங்க. கேட்டா ஃபாரம் டி-ஒன்பது குடுக்கணும். முப்பத்தோரு நாளைக்குள்ள டி-ஒன்பது பாஸ் ஆனதா சரித்திரம் இல்ல.”

“அந்த போட்டோவ மட்டும் குடுங்க. ஆபீஸ்ல போட்டு அரை மணி நேரத்துல வரைஞ்சிடுவேன்.”

“அது இப்ப போட்டோ இல்ல பிள்ளை. ஃபைல்ல சேர்ந்த என்க்ளோஷர். செக்ரட்டரியோட இரும்பு அலமாரிக்குள்ள இருக்கு.”

சிவமலர் டி-ஒன்பது கொடுத்தாள், மூன்று காப்பி. பதினைந்தாம் நாள் முகத் துணைக்குழு கூடியது. தலைவர் சீவரத்தினம். எண்பத்து நான்கு வயது, நில அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம். பக்கத்தில் சண்முகரத்தினம். சுற்றிலும் ஐந்து வெள்ளைச் சட்டைகள். சிவமலருக்குப் பார்வையாளர் நாற்காலி.

“மனு என்ன?” என்றார் தலைவர்.

“அப்பா முகம் மாதிரி இல்லைங்க அங்கிள். அவருக்கு இடது காது வெளிய விரிஞ்சிருக்கும். நெத்தியில தழும்பு இருக்கு. கீழ் உதடு இடது பக்கம் கொஞ்சம் இழுத்தாப்ல இருக்கும். ஏதோ சொல்ல வந்து விட்டுட்ட மாதிரி.”

சண்முகரத்தினம் கோப்பைப் புரட்டினார். “தழும்பு எப்ப வந்தது?”

“அம்பத்தெட்டுல. செந்தூல் யார்டுல, கூட்ஸ் வண்டிக் கதவு இடிச்சு.”

“சர்வீஸ் புக்ல காயம் எதுவும் பதிவாகல.”

“அவர் ரிப்போர்ட் பண்ணல அங்கிள். லீவு போயிடும்னு பயந்து…”

“பதிவாகாத காயத்துக்குத் தழும்பு எப்படி வரும்?” என்றார் ஒரு வெள்ளைச் சட்டை. குறித்துக்கொண்டார்கள். தழும்பு நிராகரிக்கப்பட்டது.

அடுத்து காது. இந்த மென்பொருளில் கோட்டை யாரும் கையால் இழுப்பதில்லை. அங்கங்கே புள்ளி வைத்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே வளைவை நெளிக்க வேண்டும். புள்ளி குறையக் குறைய வளைவு வழுவழுப்பாகும். புதிதாகப் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிற நல்ல யோசனைதான். சங்கம் அதைத் தரவரிசையோடு சேர்த்துவிட்டது. உயர் அதிகாரி முகத்துக்கு நூற்றிருபது புள்ளி. கிளார்க் முகத்துக்கு அறுபது. கடைநிலை ஊழியருக்கு இருபத்து நாலு. கடைநிலை ஊழியர் எவரையும் சங்கத்தில் சேர்ப்பதில்லை. ஆனாலும் விதி தயாராக இருந்தது.

“முத்துக்குமாரு கிளார்க். அறுபது. மார்க்கிரட் கணக்குப்படி இப்பவே அறுபது ஆச்சு. விரிஞ்ச காதுக்கு ஒன்பது கூடும். உதட்டுக்கு நாலு. எங்கேருந்து குடுக்கிறது?” என்றார் சண்முகரத்தினம்.

“காது வேணாம். உதட்ட மட்டும் குடுங்க அங்கிள்.” அவள் குரல் அவளுக்கே பிச்சை கேட்பதுபோலிருந்தது. “நாலு புள்ளி. கண்ணாடியில குறைச்சுக்கலாம்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசப்போகிறார் என்று எல்லாரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

“பிள்ளை, முப்பத்தாறு வருஷம் லேண்ட் ஆபீஸ்ல இருந்தேன். கவுன்டருக்கு வந்த ஒருத்தர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்ல. பார்த்திருந்தா ஃபைல் பார்த்திருக்க முடியாது. முகம்கிறது ஒரு எக்செப்ஷன். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. உசிரோட இருக்கிறப்ப ப்ரமோஷன்ல பொறாமைப்பட்டது போதாதா? செத்த பிறகாவது சமமா இருக்கட்டும்னுதான் இந்தச் சங்கமே நடக்குது.”

“நாகையா அங்கிளுக்கு மட்டும் சொந்த முகம் கிடைச்சிருக்கே?”

“அது சீனியாரிட்டி.”

மனு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் நாற்பத்தைந்தாம் நாள்.

இருபத்திரண்டாம் நாள் சிவமலர் மறுபடி போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மார்க்கிரட் தனியாக இருந்தாள். திரையில் கிளார்க் முகம் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அவள் சிவமலரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள், எழுந்தாள், கைப்பையை எடுத்தாள்.

“கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம். யாரும் திருத்தாம லேயரைப் பூட்டணும்னு ஏழாவது விதி. வயசாச்சு பார், மறந்துட்டேன்.”

கதவு சாத்திய அடுத்த நொடி சிவமலர் நாற்காலியில் இருந்தாள்.

எதிரே படம் இல்லை. மனதில் இருந்தது. முதலில் காது, புள்ளியைப் பிடித்து வெளியே இழுத்தாள். இரண்டாவது அசைவில் மடல் விரிந்தது. மூன்றாவதில் தாடை ஒடுங்கியது. நான்கு, ஐந்து, மூக்கின் முனை. ஆறாவதில் நெற்றியில் ஒரு சின்ன வெட்டு. ஏழு, எட்டு, புருவம். ஒன்பதாவதாகக் கீழுதட்டின் ஓரப் புள்ளியைத் தொட்டு, ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினாள்.

அப்பா வந்துவிட்டார்.

ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்ட அதே வாய். அச்செடுக்க வழியில்லை. ஃப்ளாப்பியில் அரக்கு. சேமிக்கலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தபோது பின்னால் இருமல் சத்தம்.

சண்முகரத்தினம் வாசலில் நின்றார்.

“தொடாதீங்க!”

அவர் கத்தியது கோபத்தில் அல்ல, பயத்தில். திரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவருக்கும் அடையாளம் தெரிந்தது. முத்துக்குமாருவோடு இருபது வருடம் ஒரே மேசையில் கூட்டம் நடத்தியவர். உடனே சுதாரித்துக்கொண்டார்.

“அன்ஆத்தரைஸ்ட் ஆல்டரேஷன்.”

“பழையபடி ஆக்கிடவா சார்?” என்றாள், படியேறி வந்து மூச்சிரைத்த மார்க்கிரட்.

“எப்படி ஆக்குவே? அன்டூக்குத் தீர்மானம் வேணும். அரசாங்கத்துல நடந்தத நடக்கலேன்னு ஆக்கற அதிகாரம் தனி ஆளுக்குக் கிடையாது. எட்டாவது விதி. அணைக்கவும் கூடாது. அணைச்சா சாட்சியம் போயிடும்.”

ஆகவே கம்ப்யூட்டரை எரியவிட்டே அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், ஏர்கண்டிஷனர் குளிரில், மூன்று நாள் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் சிவமலர் அந்த மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு இறங்கினாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

இருபத்தைந்தாம் நாள் அவசரக் கூட்டம். முத்திரையை உடைத்தார்கள். முகம் அப்படியே இருந்தது. யாரோ ஒருவர், “முத்து…” என்று முணுமுணுத்துவிட்டு, அது குறிப்பில் ஏறிவிடுமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எத்தனை தடவை அன்டூ பண்ணணும்?” என்றார் தலைவர்.

“ஒன்பது,” என்றாள் மார்க்கிரட்.

“அப்ப ஒன்பது தீர்மானம்.”

“ஒரே தீர்மானமா போட்டுடலாமே?” என்றார் ஒரு வெள்ளைச் சட்டை. சாப்பாட்டு நேரம்.

“ஒரே அடியா அழிச்சா அது அழிப்பு,” என்றார் தலைவர். “ஒண்ணொண்ணா அழிச்சாத்தான் நடைமுறை.”

ஆரம்பமாயிற்று. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், மார்க்கிரட் விசையை அழுத்தினாள். மென்பொருள் கடைசியாகச் செய்ததைத்தான் முதலில் மறக்கும். அதனால் உதடு முதலில் போயிற்று. சொல்ல வந்த வாய் நேராகி, சொல்ல ஒன்றுமில்லாத வாயாகிவிட்டது. பிறகு புருவம். பிறகு தழும்பு.

“தழும்போட நிறுத்துங்க அங்கிள்,” என்றாள் சிவமலர். “போனது போகட்டும். மூக்கும் காதுமாவது இருக்கட்டும்.”

“யார் முன்மொழியறது?”

அவள் உறுப்பினர் அல்ல. வெள்ளைச் சட்டைகள் மேசையைப் பார்த்தன. மார்க்கிரட்டின் கை மெதுவாக உயர்ந்தது.

“டெம்பரரி ஸ்டாஃபுக்கு உரிமை இல்ல, மார்க்கிரட். கையை இறக்கி அடுத்ததை அமுக்கு,” என்றார் தலைவர்.

அமுக்கினாள். மூக்கு மழுங்கியது. தாடை அகன்றது. ஒன்பதாவது தீர்மானத்தில் காது தலையோடு ஒட்டிக்கொண்டது. நாகையா அமைதியாகத் திரும்பி வந்திருந்தார், அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

“சேமிக்கவும்,” என்றார் தலைவர். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் முந்நூறு கல்வெட்டுகள் குறித்த நேரத்துக்கு வந்து இறங்கின. சங்கம் எதிலும் தாமதிப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராக அட்டையைப் பார்த்தார்கள். “முத்து அப்படியே இருக்கார்!” என்றார்கள். பொய் சொல்லவில்லை. நான்கு வருடமாக அவர்களுக்குப் பழகிய பிணமுகம் அதுதான்.

பந்தி முடிந்து வீடு காலியானதும் பூரணம் ஒரு பிரதியை எடுத்து ஜன்னலோரம் போனாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மலர், இது யாரு?”

சிவமலர் பந்தி இலைகளைச் சுருட்டத் தொடங்கினாள்.

“இது உங்கப்பா இல்லையே. அவரோட படத்தையாவது திருப்பி வாங்கிட்டு வா பிள்ளை. எனக்குப் படம் போதும்.”

மறுநாளே போனாள். சண்முகரத்தினம் அன்பாக உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து, ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

“பத்தாவது குறிப்பு. ‘வேலை முடிந்ததும் தேவையற்றதை நீக்கி, கோப்பைச் சுத்தமாக வை.’ கல்வெட்டு அச்சானதும் என்க்ளோஷரை அழிச்சிடுவோம். இது அழிப்புச் சான்றிதழ். மூணு இடத்துல கையெழுத்து.”

“அழிச்சிட்டீங்களா?”

“நானே என் கையால கிழிச்சேன்,” என்றார் அவர், ஆறுதல் சொல்வதுபோல். “வேற ஆள்கிட்ட விட்டா சரியா செய்ய மாட்டாங்க. நாலு துண்டு. முத்து என் ஃபிரெண்டு இல்லையா?”

சிவமலர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் கோப்பு மூடாது என்றார்.

தானே வரைந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ஆனால் ஆபீஸில் வருடக் கடைசி வேலை. ஒரு ஞாயிறு தள்ளி மறு ஞாயிறு என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. பூரணம் கல்வெட்டைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வேறு என்ன வைப்பது? காலையிலும் சாயங்காலமும் அதற்கு முன்னால் விளக்கேற்றினாள். தொட்டிச் செம்பருத்தி வைத்தாள். சமையல் எரிவாயு தீர்ந்ததையும் முழங்கால் வலியையும் அதனிடம் சொன்னாள்.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவமலர் அம்மாவை பங்சார் ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள். ஆளில்லாத அறை. பூட்டில்லை, அரக்கில்லை, விதியில்லை. எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வைக்கலாம். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் வந்தவர் இன்றைக்கு இரண்டு மணி நேரம் இழுத்தடித்தார். இருநூறு புள்ளி வைத்து ஒருவழியாகக் கொண்டுவந்தாள். விரிந்த காது, தழும்பு, இழுத்த உதடு.

“பாருங்கம்மா.”

பூரணம் திரையை உற்றுப் பார்த்தாள். “சாடை இருக்கு. ஆனா காது ஏன் இப்படி வெளிய நிக்குது? உள்ள தள்ளு.”

“அப்பாவுக்கு அப்படித்தானேம்மா?”

“நாப்பது வருஷம் கூட இருந்தவ நான். தள்ளு.”

தள்ளினாள்.

“தாடை இன்னும் கொஞ்சம் அகலம். ஆங். மூக்க மொத்தமாக்கு. நெத்தியில என்ன கோடு? தழும்பா? அவருக்கு ஏது தழும்பு?”

“செந்தூல்ல, கூட்ஸ் வண்டி…”

“அது அவர் கூட வேலை செஞ்சவருக்கு. எடு.”

சிவமலர் ஒவ்வொரு புள்ளியாக எடுத்தாள். எடுக்க எடுக்க அம்மாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் பூரணம் திரையருகே விரலைக் கொண்டுபோய், “வாயி மட்டும் கோணியிருக்கு. நேராக்கிடு,” என்றாள்.

நேராக்கினாள்.

“இதுதான்!” பூரணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. “இதுதான் மலர். உங்கப்பாவேதான். தங்கம், எப்படி வரைஞ்சிருக்கே!”

திரையிலிருந்து நாகையா பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்டூ அழுத்த இங்கே யாருடைய தீர்மானமும் தேவையில்லை. சிவமலர் விசைமேல் விரலை வைத்தாள். பக்கத்தில் அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

விரலை எடுத்துவிட்டு, கோப்புக்கு ‘அப்பா’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தாள்.